ஐந்தாவது நாற்காலி

என் முன்னால் வைத்த பலகையில்
பெயருக்குப் பின்னால் பட்டம் இல்லை.
மூவர் மருந்தாளுநர்கள், தலைவர் வழக்கறிஞர்.
நான் முப்பத்தொரு வருடம்
இறைச்சிக்கடைத் தராசையும் பெட்ரோல் பம்பையும்
சோதித்து முத்திரை குத்தியவள்.
'பொதுமக்கள்' என்று எழுதியிருக்கிறார்கள் என்னை.
ஒருமையாக வந்து
பன்மையாக உட்கார்வது எப்படி என்று
யாரும் சொல்லித் தரவில்லை.

இன்வர்கார்கில். ஜூலைக் குளிர்.
விடுதியின் கூட்ட அறையில் விசாரணை.
பக்கத்து அறையில் யாருக்கோ பிறந்தநாள்;
பலூன் வெடிக்கும்போதெல்லாம்
லாக்லன் டெய்ட்டின் தோள் ஒருமுறை அதிரும்.

வாரம் ஒன்று என்று எழுதினார் மருத்துவர்.
தினம் ஒன்று என்று அச்சாகியது சீட்டு.
மூட்டுவலிக்கான சின்ன மஞ்சள் மாத்திரை.
பதினோராம் நாள்
நோரீன் பிஸ்ஸெட்டின் வாயெல்லாம் புண்.
பத்தொன்பதாம் நாள்
வார்டுப் பலகையில் அவர் பெயரைத் துடைத்தார்கள்.

இதுவரை யாருக்கும் கோபம் வரவில்லை.
மருந்தாளுநர் மூவரும் மேசையையே பார்த்தார்கள்,
தங்கள் கை தவறிய ஏதோ ஒரு நாளை
மரத்தின் வரிகளில் தேடுபவர்கள் போல.
காய்ச்சல் பருவம், கடையில் ஒற்றை ஆள், ஓயாத தொலைபேசி.
குளிரில் தராசு முள்ளும் நகரும், எனக்குத் தெரியும்.
நகர்ந்த முள்ளைத் திருத்தலாம்.

பிறகு வந்தது நாற்பத்தேழாம் பக்கம்.
சாவு தெரிந்த இரவு, பதினொன்றேகால் மணிக்கு,
கணினிக்குள் போய் ஒரு வரி சேர்த்திருக்கிறார்:
நோயாளிக்கு வாய்மொழியாக விளக்கப்பட்டது.
தேதியை மூன்று வாரம் பின்னுக்கு இழுத்து.
கணினி இரண்டு தேதியையும் வைத்திருந்தது.

தராசுத் தட்டின் அடியில்
ஈயத்துண்டைத் தடவிக் கண்டுபிடித்த காலைகள்
என் விரலுக்கு ஞாபகம் வந்தன.

டெஸ்மண்ட் பிஸ்ஸெட் கையுறையைக் கழற்றவே இல்லை.
"அவன் பிழைப்பில் மண் போட வரவில்லை.
என் ரத்த அழுத்த மாத்திரையும் அவன்தான் தருகிறான்.
அந்தக் கடை போனால் அடுத்தது எழுபது கிலோமீட்டர்,
பனி விழுந்தால் அதுவும் இல்லை.
ஆனால் அந்த வரி...
சொல்லியும் கேட்காமல் விழுங்கினாள் என்கிறது.
அவளிடம் யாரும் சொல்லவில்லை.
அதை அழிக்க முடியுமா?"

முடியாது என்றார் தலைவர் அனஹேரா பேக்கர்.
பதிவில் எதையும் அழிப்பதில்லை.
பக்கத்தில் உண்மையை எழுதுவோம்.

கதவு சாத்தியபின் வாதாடினோம்.
தண்டிப்பதற்காக நாம் கூடவில்லை என்று
மூன்று முறை சொன்னார் தலைவர்;
மூன்றாவது தனக்கே.
நாளைக்கு அந்தக் கவுண்டரில் வந்து நிற்பவர்
பத்திரமாக வீடு போக எவ்வளவு வேண்டுமோ
அவ்வளவு. ஒரு குன்றிமணி கூடக் கூடாது.

"பெயரையே நீக்கலாம், தொழிலின் மானம்" என்றார் ஒருவர்.
மானத்தை நான் எடை போட்டதில்லை என்றேன்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
சொல்லியிருக்க வேண்டாமோ என்று
தேநீர் ஆறும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மாதம் இடைநிறுத்தம்,
கோர் நகரிலிருந்து மாற்று ஆள் வந்து சேர்ந்த நாளிலிருந்து.
பிறகு மூன்று வருடம் தனியே கடை திறக்கக் கூடாது.
தவறிய சொல்லுக்கு ஒரு நாளும் இல்லை;
சேர்த்த வரிக்கு அத்தனையும்.

வாசித்தபோது டெய்ட் தலையாட்டினார்.
பிஸ்ஸெட் நன்றி சொல்லவில்லை.
வெளியே வழுக்கும் படியில் இருவரும் எதிர்ப்பட்டார்கள்.
ஒருவர் ஒதுங்கினார்; யார் என்று தெரியவில்லை,
கண்ணாடியில் ஆவி படர்ந்திருந்தது.

நானும் அதே மஞ்சள் மாத்திரைதான், புதன்கிழமைகளில்.
முதல் நாளே அதைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.
இன்று என் மருந்துக்கடையில்
சுவரில் மாட்டிய பதிவுச் சான்றிதழை முதன்முறையாக வாசித்தேன்.
தேதி சரி. பெயர் சரி.
பெயர் தெரியாத ஒரு கைக்கும் என் நாக்குக்கும் நடுவே
இந்தக் காகிதக் கனம்தான்.

"வாரம் ஒன்றுதானே?" என்று கேட்டேன்.
அந்தப் பெண் சீட்டைத் திருப்பி,
டப்பியைத் திறந்து, மறுபடி எண்ணினாள்.
என் பின்னால் வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.
விடட்டும்.